சமதர்மமும் பொதுவுடைமையும் ஒருபொருட்பன்மொழியா?

தமிழாய்வுலகில் கேள்விக்கு உட்படாமலே நிலைபெற்றுவிட்ட வழக்கு ஒன்று உண்டு. பாரதியார், சிங்காரவேலர், பெரியார், திரு.வி.க., பாரதிதாசன், ஜீவா ஆகியோருள் ஒருவரை ஆய்வுப் பொருளாகக் கொள்வோர் ‘பொதுவுடைமைச் சிந்தனைகள்’ என ஓர் இயலுக்குத் தலைப்பிடுவர். அவ்வியலின் முதற்பத்தியில் பொதுவுடைமை எனப்படுவது இரண்டாம் பத்தியில் சமதர்மம் ஆகும். மூன்றாம் பத்தியில் சோசலிசம் ஆகும். இறுதியில் சமத்துவம் என அமைதி பெறும். கூறியது கூறல் என்னும் குற்றத்திற்கு அஞ்சிச் சொல்லை மாற்றினர் எனக் கொண்டால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இவை யாவும் ஒருபொருட்பன்மொழி என்றே அவர்கள் துணிந்துள்ளனர் என்பதை அவர்தம் முடிபுகள் காட்டிக்கொடுக்கின்றன. சிங்காரவேலரும் பெரியாரும் ஒரே கொள்கையைப் பரப்பினர் என்பது ஒரு முடிபு. சங்க காலத்திலேயே பொதுவுடைமை நிலவிற்று என்பது மற்றொன்று. இரண்டும் சொல்லைப் பிழைபட உணர்ந்தமையால் விளைந்த வரலாற்றுப் பிழைகள்.

இப்பிழையைத் துலக்கமாகக் காண்பதற்குரிய இடம் சென்னையினும் மதுரையினும் சித்தூரும் திருப்பதியுமே எனலாம். அங்குத் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குகின்றன. வடார்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து 1911-இல் அமைக்கப்பெற்ற சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் தோன்றும்வரை சென்னை மாநிலத்தைச் சார்ந்திருந்தது. எல்லைத் தகராற்றில் படாஸ்கர் அளித்த பரிந்துரையின் வழியே 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடு இத்தனை முறை இடம்பெயர்ந்தும் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளரும் பிள்ளைகள் அம்மண்ணில் இன்றும் உளர். 1954-இல் திருப்பதியில் தோன்றிய திருவேங்கடவன் பல்கலைக்கழகமும் 1997-இல் குப்பத்தில் தோன்றிய திராவிடப் பல்கலைக்கழகமும் இவ்விருமொழிச் சூழலில் அமைந்தவை. ஒப்பாய்வு என்பது அங்குப் பாடத்திட்டத்தின் ஒரு தாள் மட்டுமன்று. அன்றாட வாழ்க்கையும் அதுவே.

அச்சூழலில் வளரும் மாணவர் ஒருவர் இந்திய அரசியலமைப்பின் முகப்புரையைப் படிப்பதாகக் கொள்க. 1976-ஆம் ஆண்டின் 42-ஆம் திருத்தத்தால் முகப்புரையில் சேர்ந்த ‘சோசலிஸ்ட்’ எனும் அடைமொழியைத் தெலுங்கு வாசகம் ‘சாம்யவாத’ எனப் பெயர்த்துள்ளது. இந்தி வாசகத்தில் அதே இடத்தில் நிற்பது ‘சமாஜவாதி’. இந்தியில் ‘சாம்யவாத்’ என்றால் கம்யூனிசம். ஆக, தெலுங்கு வகுப்பில் சோசலிசத்தைக் குறித்த சொல், அடுத்த மணியில் இந்தி வகுப்பில் கம்யூனிசத்தைக் குறிக்கும். மலையாளத்தார் ‘ஸ்திதிசமத்வ’ எனத் தனிவழி கண்டனர். தமிழிலோ ‘சமதர்மம்’ என்பதே பெருவழக்கு. ஒரே நாட்டின் ஒரே ஆவணத்தில் ஒரு சொல் மொழிதோறும் இவ்வாறு பிரிந்து நிற்பதை மொழிபெயர்ப்பாளர்தம் கவனக்குறைவு எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது தவறு. ஒவ்வொரு மொழியும் தான் நடத்திய பூசலிலிருந்து தன் சொல்லை எடுத்துக்கொண்டது. தமிழ் நடத்திய பூசல் எது என்பதே இங்கு வினா.

1920-களிலும் 1930-களிலும் தமிழில் இக்கொள்கைகளைக் குறிக்க அபேதவாதம், சமதர்மம், பொதுவுடைமை எனச் சொற்கள் பல போட்டியிட்டன. ‘குடிஅரசு’ இதழ் மார்க்சும் எங்கெல்சும் 1848-இல் வெளியிட்ட கம்யூனிஸ்டுக் கட்சி அறிக்கையின் தமிழாக்கத்தை 1931 அக்டோபரில் வெளியிடத் தொடங்கியபோது அதற்கு இட்ட தலைப்பு ‘சமதர்ம அறிக்கை’. சொற்கள் ஒன்றே எனச் சாதிப்போர் தம் முதற் சான்றாகக் காட்டுவது இதனையே. மூலநூலாசிரியருள் ஒருவரான எங்கெல்சு 1888-ஆம் ஆண்டு ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில் எழுதியதை அவர்கள் பார்ப்பதில்லை. 1847-இல் அந்நூலுக்குச் ‘சோசலிஸ்டு அறிக்கை’ எனப் பெயரிட இயலாமற் போனமைக்கு அவர் காரணம் கூறுகிறார்: அக்காலத்தில் சோசலிசம் நடுத்தர வகுப்பாரின் இயக்கம், கம்யூனிசம் தொழிலாளரின் இயக்கம். அறிக்கையின் மூன்றாம் பகுதி முழுவதும் பல்வகைச் சோசலிசங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. ஆதலின் ஆசிரியர் இருவரும் பிரித்து வைத்ததைத் தமிழ்த் தலைப்பு சேர்த்துவிட்டது என்றுதான் முதற்பார்வையில் தோன்றும்.

சற்று ஆழ்ந்து நோக்கின் தலைப்பிட்டோர் அறியாமையால் அவ்வாறு செய்யவில்லை என்பது விளங்கும். ‘வாதம்’ எனும் ஈற்றைத் தெலுங்கு தேர்ந்தது. அது ஒரு கொள்கையை, ஒரு தருக்க நிலையைச் சுட்டும். தமிழ் தேர்ந்தது ‘தருமம்’. அக்காலச் சுயமரியாதை இயக்கத்தின் செவிக்குத் தருமம் என்பது ஈகையையோ பொது அறத்தையோ குறித்த சொல்லன்று. வருண தருமத்தையும் மனு தருமத்தையும் நினைவூட்டும் சொல். பிறப்பால் ஒருவற்கு ஒரு நீதி என வகுத்த ஒழுங்கை அச்சொல் சுமந்து நின்றது. அதன் முன்னே ‘சம’ என்பதை ஒட்டியபோது பிறந்தது ஒரு பொருளாதாரக் கலைச்சொல் மட்டுமன்று, ஒரு மறுப்புரையும் கூட. மனு தருமத்திற்கு எதிர்ச்சொல் சமதருமம். இப்பொருள் ஆங்கிலச் ‘சோசலிச’த்தில் இல்லை, தெலுங்குச் ‘சாம்யவாத’த்தில் இல்லை, ‘பொதுவுடைமை’ எனும் தமிழ்ச் சொல்லிலும் இல்லை. ஒருபொருட்பன்மொழி எனில் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்தாலும் பொருள் குன்றாதிருத்தல் வேண்டும். ‘மனு தருமத்திற்கு எதிரான பொதுவுடைமை’ எனச் சொல்லிப் பார்த்தாலே இடர்ப்பாடு புலப்படும்.

சொற்கள் வேறுபட்டமையின் விளைவை அடுத்த சில ஆண்டுகள் காட்டின. 1923 மே 1-இல் சென்னையில் தொழிலாளர் நாளைக் கொண்டாடி, 1925-இல் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்டு மாநாட்டிற்குத் தலைமை ஏற்றவர் சிங்காரவேலர். ஐரோப்பாவையும் சோவியத்து நாட்டையும் சுற்றி 1932 நவம்பரில் திரும்பிய பெரியார், அவ்வாண்டு திசம்பர் இறுதியில் ஈரோட்டில் கூட்டிய கூட்டத்தில் சிங்காரவேலரின் துணையோடு ஒரு வேலைத்திட்டத்தை முன்வைத்தார். நிலம், காடு, இருப்புப்பாதை, வங்கி முதலியவற்றைப் பொதுவாக்குதல் அதன் உட்கிடை. இருவரும் அன்று ஒரே மேடையில் நின்றனர் என்பது மெய். 1934-இல் அரசு கம்யூனிஸ்டுக் கட்சியைத் தடை செய்தது; இயக்கத்தின் மேல் அடக்குமுறை இறங்கிற்று. பெரியார் அத்திட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிச் சமூகச் சீர்திருத்தப் பணியை முன்னிறுத்தினார். ஜீவா 1936-இல் பிரிந்து சென்று, காங்கிரசு சோசலிஸ்டுக் கட்சியின் வழியே கம்யூனிஸ்டுக் கட்சியை அடைந்தார். இரு சொல்லும் ஒரு பொருளெனின் இப்பிரிவை விளக்க ஆய்வாளரிடம் எஞ்சுவது ஆளுமைப் பூசல் ஒன்றே. பல ஆய்வேடுகளில் அதுவே எஞ்சியும் நிற்கிறது: ஒருவர் அஞ்சினார், ஒருவர் அவசரப்பட்டார் என்று எழுதி முடித்துவிடுகின்றனர்.

பூசலின் கரு வேறிடத்தில் உள்ளது. பொதுவுடைமைக்கு முன் பொதுவுரிமை வேண்டும் என்பது பெரியார் பின்னர்த் தெளிவாக எடுத்துரைத்த நிலை. உரிமையில் பொதுமை இல்லாத மண்ணில் உடைமையைப் பொதுவாக்கினால், மேலிருப்பவர்க்கே அது மீண்டும் சென்று சேரும் என்பது அதன் பொருள். உடைமை உறவு மாறினால் சாதி தளரும் என்பது கம்யூனிஸ்டுகளின் எதிர்நிலை. எது சரி என்பது வேறு வினா. இரண்டும் ஒன்றல்ல என்பது ஐயத்திற்கு இடமற்றது.

இவ்வேறுபாட்டை ஏட்டில் தேட வேண்டுவதில்லை. ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த சித்தூர்ப் பகுதிச் சிற்றூர் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். ஏரியும் அதன் கரையும் புறம்போக்கு. தெலுங்கரும் அதே சொல்லைச் சற்றே திரித்து வழங்குவர். யாருக்கும் தனியுடைமையன்று ஆதலின் அதனைப் பொது என்பர். ஆனால் சட்டப்படி அது அரசினுடையது. நீர் முறை வைத்துப் பாயும். ஏரிக்குக் கீழே நிலம் உடையவர்க்கே முறை உண்டு. நிலமற்றவர் அந்நீரைப் பொது எனக் கேட்கக்கூடும். ஆயினும் அவர்க்கு அதில் பங்கில்லை. நிலமற்றவர் எந்தத் தெருவினர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆக ஊரின் ஏரி பொது உடைமையாகத் தோன்றியும் பொது உரிமையாக இல்லை. பெரியார் கூறிய வேறுபாட்டிற்கு இதனினும் சிறந்த உரை கிடைப்பது அரிது.

‘பொது’ எனும் சொல்லை இருமொழி உழவர் எவ்வாறு கேட்கிறார் என்பதும் கருதத்தக்கது. ‘பொதுச் சொத்து’ என்பதைத் தெலுங்கில் ‘உம்மடி ஆஸ்தி’ எனலாம். ‘உம்மடி’ என்றவுடன் உழவர் நினைவுக்கு வருவது பாகம் பிரியாத கூட்டுக் குடும்பம். அண்ணன் தம்பியர்க்குள் அது பொது. அடுத்த வீட்டார்க்கு அது வேலியிட்ட தனியுடைமை. யாருக்குப் பொது என்னும் வினா எழாத வரையில் பொதுவுடைமை என்பது பாதிச் சொல்லாகவே நிற்கும்.

திருமலையையே எடுத்துக்கொள்வோர் இன்னும் தெளிவு பெறலாம். 1843-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில் மேலாண்மையிலிருந்து விலகி ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் அதனை ஒப்படைத்தது. 1933 முதல் சட்டவழி அமைந்த குழு மேலாண்மையை ஏற்றது. 1987-ஆம் ஆண்டின் ஆந்திர அறநிலையச் சட்டம் அருச்சகர் முதலியோரின் மிராசு உரிமையை நீக்கிற்று. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. 2007-இன் திருத்தம் பரம்பரை அருச்சகர்க்குச் சிலவற்றை மீட்டளித்தது. இத்தனைக்குப் பின்னும் அச்சொத்தின் உடைமையாளர் யார்? சட்டத்தின் பார்வையில் இறைவனே. மேலாள்வது அரசு அமர்த்தும் அறங்காவலர் குழு, பயன்கொள்வோர் அடியார். உடைமை, மேலாண்மை, பயன் ஆகிய மூன்றும் மூன்று இடத்தில் நிற்கின்றன. பொதுவுடைமை எனும் கொள்கை முதலாவதைக் குறித்துப் பேசுகிறது. அரசு மேற்பார்வையை மட்டும் விரும்பும் மிதவாதச் சோசலிசம் இரண்டாவதோடு அமைந்துவிடும். யார் கருவறைக்குள் நுழையலாம், யாருக்கு எவ்வுரிமை என மூன்றாவதிலிருந்து தொடங்குவது சமதர்மம். தேவஸ்தானத்தைப் பொதுவுடைமைக்கு எடுத்துக்காட்டாகச் சொற்பொழிவுகளில் கூறுவோர் இம்மூன்றையும் ஒன்றாக்கி மயங்குகின்றனர்.

அரசியல் மேடையில் இவ்விரு கொள்கைகளும் நேருக்குநேர் மோதிய களமும் இந்நிலப்பரப்பை உள்ளடக்கியதே. 1955 சனவரியில் சென்னையை அடுத்த ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடியது. சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியே திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர் அது. அங்கு நிறைவேறிய தீர்மானம் ‘சோசலிசப் பாணிச் சமுதாயம்’ எனும் தளர்வான தொடரையே கையாண்டது. சோசலிசம் என்று கூடச் சொல்லவில்லை. அடுத்த மாதமே ஆந்திரச் சட்டமன்றத்திற்குத் தேர்தல். பிரகாசம் அமைச்சரவை 1954 நவம்பரில் கவிழ்ந்திருந்தது. கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிப்பர் என்னும் எதிர்பார்ப்பு நாடெங்கும் நிலவியது. காங்கிரசு, ஆவடித் தீர்மானத்தைக் கையிலேந்தி, ‘சோசலிசம் எங்களிடமே உண்டு, அதற்குக் கம்யூனிசம் வேண்டுவதில்லை’ என்னும் கருத்தை வாக்காளர்முன் வைத்தது. மாஸ்கோவின் ‘பிராவ்தா’ நேருவின் அயலுறவுக் கொள்கையைப் பாராட்டி அதே சனவரியில் எழுதிய தலையங்கமும் காங்கிரசின் பரப்புரைக்குப் பயன்பட்டது. 196 இடங்களில் கம்யூனிஸ்டுகள் பெற்றவை 15. பெற்ற வாக்கோ நூற்றுக்கு 31 அளவு. எதிரணியினர் ஒன்றுபட்டு நின்றமை இத்தோல்விக்கு முதற்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு சொல்லைக் கொண்டு மற்றொரு சொல்லை வீழ்த்த முடியும் எனக் காங்கிரசு கண்டுகொண்ட தேர்தல் அது. இரண்டும் ஒருபொருட்பன்மொழியாயின் இப்பரப்புரையே பொருளற்றுப் போயிருக்கும்.

அத்தேர்தலில் காங்கிரசோடு கூட்டணி கண்டவர் என்.ஜி. ரங்கா. 1936-இல் அகில இந்தியக் கிசான் சபையைத் தோற்றுவித்தவருள் ஒருவர். பின்னர்க் கம்யூனிஸ்டுகளோடு முரண்பட்டவர். 1955-இல் கம்யூனிசத்திற்கு எதிராக ஆவடிச் சோசலிசத்தின் அணியில் நின்ற அவரே, 1959 சனவரியில் நாகபுரி மாநாடு கூட்டுறவுப் பண்ணையை முன்மொழிந்தபோது காங்கிரசை விட்டு வெளியேறினார். அவ்வாண்டே தோன்றிய சுதந்திராக் கட்சியின் தலைவரானார். 1962-இல் அனந்தசயனம் அய்யங்கார் பீகார் ஆளுநராகச் சென்றதால் சித்தூர் மக்களவைத் தொகுதி காலியானபோது, இடைத்தேர்தலில் வென்று 1967 வரை அத்தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் ரங்கா. காங்கிரசின் சோசலிசத்தை எதிர்த்த அகில இந்தியக் கட்சியின் தலைவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய பெருமையோ பழியோ சித்தூரைச் சாரும்.

இராஜாஜியின் வாழ்க்கை இதற்கு இணையான சான்று. சித்தூர் இன்னும் சென்னை மாநிலத்தில் இருந்த 1952-இல், முதலமைச்சராகச் சட்டமன்றத்திலேயே தம்மைக் கம்யூனிஸ்டுகளின் முதற்பகைவராக அறிவித்துக்கொண்டவர் அவர். ஏழாண்டு கழித்துத் தாம் வளர்ந்த காங்கிரசையே எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைக் கண்டார். உரிமமும் அனுமதியும் வழங்கி ஆளும் காங்கிரசுச் சோசலிசமே அப்போது அவர்தம் இலக்கு. இரு போர்களையும் ‘இராஜாஜியின் பொதுவுடைமை எதிர்ப்பு’ எனும் ஒரே தலைப்பின்கீழ் அடக்கும் ஆய்வாளர், 1959-இல் அவர் ஏன் புதுக்கட்சி காண வேண்டியதாயிற்று என்பதற்கு விடை கூற இயலாது. கம்யூனிஸ்டை எதிர்ப்பதற்குக் காங்கிரசே போதுமானதாக இருந்ததன்றோ?

இங்கு மார்க்சியர் தரப்பிலிருந்து எழும் தடை ஒன்றுக்கு விடை கூறியாதல் வேண்டும். அது எளிதில் தள்ளத்தக்கதன்று. சோசலிசம் வேறு, கம்யூனிசம் வேறு எனப் பிரிப்பது முதலாளியர் சூழ்ச்சி. முன்னது பின்னதன் முதற்படி. ஆகவே இரண்டும் ஒரே பாதை என்பர். 1875-இல் கோத்தா வேலைத்திட்டத்தை விமரிசித்த மார்க்சு, கம்யூனிச சமுதாயத்திற்கே கீழ்நிலை, மேல்நிலை என இரண்டு கூறினார். கீழ்நிலையில் உழைப்பிற்கேற்ற பங்கு. மேல்நிலையில் தேவைக்கேற்ற பங்கு. 1917-இல் ‘அரசும் புரட்சியும்’ எழுதிய லெனின் கீழ்நிலைக்கே சோசலிசம் எனப் பெயர் வழங்குவதை எடுத்துக்காட்டினார். இத்தடையை முழுதும் ஏற்றுக்கொண்டாலும் ஒருபொருட்பன்மொழி என்பது நிலைபெறாது. முதற்படியும் மாடமும் ஒரே வீட்டினவாயினும் ஒன்றல்ல. மேலும் படி எனும் கொள்கையே ஒரு தரப்பின் கொள்கை. 1934-இல் காங்கிரசுக்குள் தோன்றிய சோசலிஸ்டுகள் அதனை ஒரு முடிந்த இலக்காகவே கொண்டனர். தென்னாட்டில் அக்கட்சிக்குள் இருந்து பணியாற்றிய கம்யூனிஸ்டுகளை 1940-இல் அவர்கள் வெளியேற்றியதற்கும் அதுவே அடிப்படை. 1964-இல் காமராசர் தலைமையில் புவனேசுவரத்தில் கூடிய காங்கிரசு ‘சனநாயகச் சோசலிசம்’ என்றபோது, அவ்வடைமொழி எந்த மாடத்திற்கும் ஏறிச்செல்வதன்று என்பதை உலகம் அறிந்தது. மார்க்சியரின் வரையறையை எல்லார் வாயிலும் திணித்துப் படிப்பது மார்க்சியத்திற்கும் நன்மை செய்யாது.

பாரதியார் பாடலில் பொதுவுடைமை எனும் சொல் வருவதைக் கொண்டு அவரைக் கம்யூனிஸ்டு எனக் காட்டும் முயற்சிகளும் இவ்வகையினவே. ‘பாரத சமுதாயம்’ பாடியவரே ‘செல்வம்’ எனும் கட்டுரையில் லெனின் வழியின் குருதிப் பெருக்கை ஏற்க மறுத்து, ஊரில் நிலமுடையோரும் இல்லாரும் உடன்படிக்கை செய்துகொள்ளும் வழியை முன்வைக்கிறார். சொல் அவரிடம் உண்டு. அச்சொல்லைப் பிற்காலக் கட்சி ஏற்றுக்கொண்ட பொருள் அவரிடம் இல்லை. 1921-இல் மறைந்தவரிடம் அதனை எதிர்பார்ப்பதும் முறையன்று.

காலத்தால் இன்னும் பின்னோக்கிச் செல்வோர் செய்யும் பிழை பெரிது. ‘சங்க இலக்கியத்தில் பொதுவுடைமை’, ‘வள்ளுவர் கண்ட சமதர்மம்’ எனும் தலைப்புகள் கருத்தரங்க மலர்களில் இடம்பெறாத ஆண்டு இல்லை. காட்டப்படும் சான்றுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று வள்ளல்தம் கொடை. மற்றொன்று பகுத்துண்ணும் அறம். கொடை பொதுவுடைமைக்குச் சான்றாகுமா? பாரி தன் ஊர்கள் முந்நூற்றையும் பரிசிலர்க்கு வழங்கினான் என்றால், வழங்குமுன் அவை அவனுடையனவாக இருந்தன என்பதே அதிலிருந்து பெறப்படும் முதற்செய்தி. தன்னுடையது அல்லாததை ஒருவன் கொடுத்தல் இயலாது. கொடை, உடைமைக்குச் சான்று. கொடை பெரிதாகுந்தோறும் உடைமையின் ஏற்றத்தாழ்வும் பெரிதாகின்றது. பரிசிலரின் பசியைப் பாடும் பாடல்களே அதற்குச் சாட்சி. பகுத்துண்டல் உயர்ந்த அறம் என்பதில் ஐயமில்லை. அது இல்லறத்தான்பால் உள்ள பொருளை நோக்கி விடுக்கப்பட்ட அறவுரை. அப்பொருளை அவனிடமிருந்து நீக்கும் கொள்கை அதில் இல்லை.

மார்க்சிய நோக்கில் சங்க இலக்கியத்தை ஆராய்ந்தோர் இவ்வாறு தடுமாறவில்லை என்பதே இதில் வியப்பு. கைலாசபதி 1968-இல் வெளியிட்ட நூலில் அக்காலத்தை வீரயுகமாகக் கண்டார். சிவத்தம்பி, திணைகளை ஏற்றத்தாழ்வான வளர்ச்சி நிலைகளாக விளக்கினார். நா. வானமாமலை 1969-இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழ் இனக்குழு வாழ்வின் எச்சங்களை உடைமைச் சமுதாயத்தின் தோற்றத்தோடு வைத்து நோக்கியது. வேட்டை இறைச்சியைக் குடியினர் பகிர்ந்துகொள்வதை அவர்கள் ‘தொல்பொதுவுடைமை’யின் எச்சம் என்றபோது, அது குலத்தார்க்குள் அடங்கிய, மறைந்துகொண்டிருந்த ஒரு நிலை என்பதையும் உடன் உணர்த்தினர். அவர்தம் கலைச்சொல்லை மட்டும் இரவல் வாங்கி, ‘தொல்’ என்பதை உதறிவிட்டு, பழம்பெருமைக்கு அணியாகச் சூட்டியவர்கள் பின்வந்தோர்.

ஒப்பாய்வில் இப்பிழை இருமடங்காகிறது. பாரதிதாசனையும் தெலுங்குக் கவிஞர் ஸ்ரீஸ்ரீயையும் ‘பொதுவுடைமைக் கவிஞர்’ எனும் தலைப்பில் இணைப்பது எல்லைப்புறப் பல்கலைக்கழகங்களில் இயல்பாகத் தோன்றக்கூடிய தலைப்பு, பயனுடையதும் கூட. ஆனால் பாரதிதாசன் வந்த வழி சுயமரியாதை இயக்கத்தின் சமதர்மம். சாதியும் சமயமும் அவர்தம் முதல் இலக்கு. ‘மகாபிரஸ்தானம்’ தந்த ஸ்ரீஸ்ரீ மார்க்சிய வழி வந்து 1970-இல் புரட்சி எழுத்தாளர் சங்கத்தின் முதல் தலைவரானவர். வர்க்கம் அவர்தம் முதல் இலக்கு. ‘சமதர்மம்’ எனும் தமிழ்ச் சொல்லுக்கு நேராகச் ‘சாம்யவாதம்’ என எழுதிவிட்டால் இருவரும் ஒன்றே கூறினர் என்னும் முடிபு ஆய்வுக்கு முன்னரே கிடைத்துவிடும். ஒப்பிடுவதற்கு அதன்பின் எஞ்சுவது உவமைகளும் சந்தமுமே.

தனித்தமிழ் அன்பர் இன்னொரு வழியில் இச்சிக்கலைத் தீர்க்க முயல்கின்றனர். சமதர்மம் வடசொல் ஆதலின் அதனை நீக்கி ‘நிகரமை’ எனலாம் என்பர். புதிய எழுத்திற்கு அது நல்ல சொல்லே. ஆனால் 1931-இன் பனுவலைப் பதிப்பிக்கும்போதும் அதனை விளக்கும்போதும் ‘சமதர்ம’த்தை அகற்றி ‘நிகரமை’யை இடுவோர், அச்சொல்லுக்குள் மறைந்திருக்கும் ‘மனு தருமம்’ எனும் எதிரியையும் சேர்த்தே அகற்றிவிடுகின்றனர். வடசொல்லை எடுத்து வடவர் நெறியையே மறுத்த ஒரு நுட்பம் அங்கே அழிந்துபோகிறது.

இவை யாவும் பழைய கதை, இன்று எவருக்கும் பயனில்லை என்பார் இருக்கலாம். 1989 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்பிரிவின்படி தேர்தல் ஆணையத்தில் பதிவு பெற விழையும் கட்சி ஒவ்வொன்றும் சோசலிசக் கோட்பாட்டிற்கு உண்மையாக இருப்பதாகத் தன் அமைப்பு விதியில் உறுதி கூற வேண்டும். ரங்காவும் இராஜாஜியும் கண்டது போன்றதொரு கட்சி இன்று தோன்றினால் அதுவும் இவ்வுறுதியை அளித்தே பதிவு பெறும். 2024 நவம்பர் 5-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு, தனியார் உடைமை அனைத்தையும் ‘சமுதாயத்தின் பொருள்வளம்’ எனக் கொள்ளல் இயலாது என்றது. அதே மாதம் 25-இல், முகப்புரையிலிருந்து ‘சோசலிஸ்ட்’ எனும் சொல்லை நீக்கக் கோரிய வழக்குகளைத் தள்ளிய அமர்வு, இந்நாட்டில் அச்சொல் நல்வாழ்வு அரசையே குறிக்கும். தனியார் முயற்சியை அது தடுப்பதன்று என விளக்கிற்று. சொல் நிலைத்தது, அதன் பொருள் எதுவென்பதும் வரையறுக்கப்பட்டது. அப்பொருளில் பொதுவுடைமை இல்லை. 1931-இன் மறுப்புரையும் அதில் இல்லை.

இந்நிலையில், முகப்புரையின் தமிழாக்கத்தில் ‘சமதர்மம்’ என்பதைப் படிக்கும் சித்தூர்த் தமிழ் மாணவர்க்கு ஆசிரியர் எப்பொருளைக் கூறுவார்? நீதிமன்றம் கூறிய நல்வாழ்வு அரசா, ஆவடியின் பாணியா, ஈரோட்டின் திட்டமா? தெலுங்கு–தமிழ் அகராதி தொகுப்போர் ‘சாம்யவாதம்’ எனும் பதிவின் எதிரே ‘சமதர்மம், பொதுவுடைமை’ எனக் காற்புள்ளியிட்டு இரண்டையும் அடுக்குவது அவ்வினாவிற்கு விடையாகாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஆண்டும், அச்சொல்லை எடுத்தாண்ட இயக்கமும், அது எதனை எதிர்த்து வழங்கிற்று என்பதும் பதிவில் இடம்பெறுதல் வேண்டும். ‘குடிஅரசு’ இதழ்களும் ‘ஜனசக்தி’யும் 1950-களின் தெலுங்கு நாளிதழ்களும் அதற்குரிய மூலங்கள். அவற்றை இருமொழியிலும் நேரே படிக்கவல்ல மாணவர் திருப்பதியிலும் குப்பத்திலும் கிடைப்பதுபோல் வேறெங்கும் எளிதிற் கிடையார்.